பாதி மூச்சு

ஒரு காட்டில் செங்கோடன் என்றொரு இருவாச்சிப் பறவை குடித்தனம் நடத்திவந்தான். அவன் தின்று துப்பிய விதைகளில் முளைத்ததுதான் அந்தக் காட்டில் பாதி. அதற்காக யாரும் அவனுக்கு ஒரு வணக்கம்கூட வைத்ததில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருடம் அவன் மனைவி மரகதம், இருவாச்சிகளின் வழக்கப்படி, முட்டையிட மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் பூசிக்கொண்டாள். அலகு நுழைய ஒரு கீறல்தான் பாக்கி. குஞ்சு வளரும்வரை அவளால் வெளியே வரமுடியாது. செங்கோடன்தான் பழம் கொண்டுவந்து ஊட்டவேண்டும்.

குஞ்சு பொரிக்கிற நேரம் பார்த்து, பக்கத்துக் காட்டுப் புலி செங்கல் சூளை போட்டது. புகை எல்லை தாண்டி வந்தது. அத்திப் பிஞ்சுகள் கருகி உதிர்ந்தன.

"ஏங்க, நெஞ்சை அடைக்குது. அந்தப் புலிகிட்ட யாராச்சும் சொல்லக் கூடாதா?" என்று பொந்துக்குள்ளிருந்து மரகதம் இருமினாள்.

செங்கோடன் காட்டுச் சபைக்குப் பறந்தான். அங்கே கோட்டு போட்ட நரி ஒன்று பேசிக்கொண்டிருந்தது. பருவநிலை முதலீட்டாளராம்.

"சூளையை நிறுத்த முடியாதுங்க, வளர்ச்சி நின்னுடும். அதனால புலி ஐயா அங்க புகை விடுவார், நீங்க இங்க குறைப்பீங்க. குறைச்சவங்களுக்குக் கார்பன் கிரெடிட், அதாவது குறைச்ச அளவுக்கு ஒரு சீட்டு. அதை ஐயா வாங்கித் தன் புகைக்கு ஈடு காட்டிக்குவார். மரத்தை அழிக்காம விட்டாலும் குறைச்ச கணக்குதான். இங்க மரத்தை அழிக்கிற எண்ணம் யாருக்காவது இருக்கா?"

யானை தும்பிக்கையைத் தூக்கியது. "நாளைக்கே அந்த அத்தித் தோப்பை முறிச்சுப் போடலாம்னு ஒரு யோசனை."

"முறிக்காம இருப்பீங்களா?"

"கரும்பு குடுத்தா இருப்பேன்."

கரும்புக் கட்டு கைமாறியது. செங்கோடனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தத் தோப்பை உண்டாக்கினவனே நான்தான்யா!"

"அதான் சார் சிக்கல்," என்று நரி நிஜமாகவே வருத்தப்பட்டது. "நீங்க எப்படியும் விதை போடுவீங்க. எப்படியும் நடக்கிற நல்லதுக்கு நாங்க ஒண்ணும் தர முடியாது, விதி அப்படி. வேற எதையாவது குறைச்சிருக்கீங்களா?"

"என் பெண்டாட்டி மூச்சு விடுறதைக் குறைச்சிருக்கா!" என்று கத்தினான் செங்கோடன். ஆத்திரத்தில் சொன்னதுதான்.

நரி விறுவிறுவென்று மரத்தடிக்கு வந்தது. ஏணி போட்டு ஏறி, பொந்தில் காதை வைத்தது.

"அடடா, பாதி மூச்சுதான் வருது! மிச்சப் பாதியை ஐயாவுக்கு வித்துடுங்க சார். தினம் ஒரு கூடை அத்திப்பழம் வந்துடும்."

அலகால் ஓங்கிக் கொத்திவிடலாமா என்றிருந்தது செங்கோடனுக்கு. ஆனால் காட்டில் பழமில்லை. உள்ளே குஞ்சு பசியில் கீச்சிட்டது. தலையை ஆட்டிவிட்டான்.

பழம் வந்தது. மரகதம் விடாத மூச்சைக் கணக்குக் காட்டிப் புலி இரண்டாவது சூளையையும் மூட்டியது. நரி அடிக்கடி வந்து, மூச்சு பாதியைத் தாண்டவில்லையே என்று பொந்தில் காது வைத்துச் சோதித்துவிட்டுப் போனது.

ஒருநாள் நல்ல மழை. புகை அடங்கியது. மரகதம் கீறலில் அலகை நீட்டி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள். "ஏங்க, இன்னைக்கு எவ்வளவு சுகமா இருக்கு பாருங்க!" என்று சிரித்தாள்.

செங்கோடன் கீழே பார்த்தான். குடை பிடித்துக்கொண்டு நரி சோதனைக்கு வந்துகொண்டிருந்தது.

அவன் பதறிக் கீறலருகே தாவினான். சொல்லும்போதே அவனுக்குத் தன்மேல் வெறுப்பாக வந்தது.

"மெதுவா, மரகதம். கொஞ்சமா மூச்சு விடு."

நீதி: ஆழமாக மூச்சை இழுப்பதற்கு முன், அது இன்னும் உங்களுடையதுதானா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.