மைக்செட் பாய் எடுத்த அட்டெண்டன்ஸ்

மயிலாப்பூரில் அந்த நாளில் பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றபடி நாங்கள் எல்லாரும் அவர் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து ஏதோ இரண்டு வார்த்தை பேசிக்கொண்டோம். அவர்தான் மைக்செட் பாய்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. மாட வீதிகளைத் தாண்டி, கால்வாய்க் கரையில் எங்கள் தெரு. நான் வீடு வீடாகக் கீரை விற்றவள். தெருமுனையில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், அதன் வாசலுக்கு நேர் எதிரே பாயின் கடை. கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் கூழோ, எங்கள் பக்கத்தில் எதுவானாலும் அவருடைய புனல் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கும். ஆடி மாதம் அம்மனுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது தொழுகைக்கு நேரமாகிவிட்டால், "தாயே, ஒரு பத்து நிமிசம், வந்துட்றேன்" என்று மைக்கிலேயே அம்மனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு போவார். அம்மனும் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

தினமும் காலையில் கடையைத் திறந்ததும் மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீயோடு நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது. "வெறும் நம்பரு சொன்னா மிசினு முயிச்சிக்காது. பேரு சொன்னாத்தான் முயிச்சிக்கும்" என்பார். முழித்துக்கொண்டது மிஷின் இல்லை, தெரு. பள்ளிக்கூட வாசலில் எந்தப் பிள்ளை நுழைந்தது, எது நுழையவில்லை என்று பார்த்து மனசில் வைத்துக்கொண்டு, முதல் மணி அடித்த கையோடு ஆரம்பித்துவிடுவார்.

"அலோ, அலோ! குழாயடி வீட்டு சுமதி இன்னும் வர்ல. வயித்து வலின்னு லீவு லெட்டரு வந்துகீது. நேத்து சாய்ந்தரம் நாலு பத்தை மாங்கா துன்னத நான் பாத்தேன். வலிக்கிறது கிளாசுக்கு வந்து வலிக்கட்டும்! அலோ, மூணாங் கிளாஸ் ரஹீமா! சடை பின்னிகினு கீறாங்கன்னு கேள்விப்பட்டேன். விடிஞ்சதுலேர்ந்து பின்னுறாங்க, இன்னும் முடியல. அது இன்னா சடையா, தேர்வடமா?"

பெயர் வந்த வீட்டில் அன்றைக்கு ஒருவரும் வெளியே தலைகாட்ட முடியாது. மீன்காரி முதற்கொண்டு கேட்பாள். நானும் ஒரு மகளைப் பெற்றவள்தான். என் தேவியின் பெயர் ஒருநாள்கூட அந்த ஸ்பீக்கரில் வந்ததில்லை. மழையோ, காய்ச்சலோ, அவள் வாசலில் போய் நின்றுவிடுவாள். அந்தப் பெருமை எனக்கு இன்னும் அடங்கவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் தம்பி பிறந்தான். அவனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. சிலேட்டை இறக்கிவைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டேன். என் மகளாவது பத்தாவது பாஸ் பண்ண வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

இடுப்புக் குழந்தை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழாம் நம்பர் வீட்டு லட்சுமி நாலு நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவள். கைக்குழந்தையைப் பெரியவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாய் அம்மாவைக் கூப்பிடவில்லை, லட்சுமியையும் கூப்பிடவில்லை. குழந்தையைக் கூப்பிட்டார்.

"அலோ, ஏழாம் நம்பரு கைக்குழந்தைக்கு ஒரு முக்கிய அறிவிப்பு! நாலு நாளா உங்க அக்காவப் புட்ச்சி வச்சிகினு கீற. இன்னும் ஒரு பல்லு மொளைக்கல, அதுக்குள்ள இன்னா அதிகாரம்? அக்காவ அனுப்பிட்டு நீ கடைக்கு வந்துரு!"

லட்சுமியின் அம்மாவுக்கு வந்ததே கோபம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து பாயின் மடியில் பொத்தென்று வைத்தாள். "இந்தா, கூப்டியே, வந்துட்டா. வச்சிக்கினு அனுபவி!" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் நினைத்தது ஒன்று. அடுத்த வாரம் பாயின் கடையில் மூன்று குழந்தைகள்! இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே புடவையில் தூளி கட்டி, ஒரு காலால் ஆட்டிக்கொண்டே ஒயர் முறுக்குவார். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மூன்றும் ஒரே குரலில் அழுதன. லஸ் கார்னர் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

லஸ்ஸுக்கு முன்னாலேயே ஒரு பாட்டு மாமிக்குக் கேட்டுவிட்டது. நான் கீரை கொடுக்கும் வீடு. பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். குடையும் கையுமாக வந்து நின்றார்.

"ஏன் பாய், எங்காத்துல பாட்டு க்ளாஸ் நடந்துண்டிருக்கு. நான் 'ச' பிடிச்சா உங்க ஸ்பீக்கர்லேர்ந்து குழந்தை 'ப' பிடிக்கறது. இது நன்னாயிருக்கா?"

"மாப்பு மாமி" என்று பாய் ஏணி வைத்து ஏறி ஸ்பீக்கரை வேறு பக்கம் திருப்பினார். இரண்டே நாள். மாமி மறுபடியும் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுண்டு ஸ்பீக்கரைத் திருப்பினேள்? அந்த சுமதி வந்தாளா இல்லியான்னு தெரியாம ரெண்டு நாளா எனக்குக் காபி இறங்கலை!"

பாய் மறுபடியும் ஏணி ஏறினார்.

மைக்செட் புக் பண்ணப் போனால் தேதி கேட்கமாட்டார். "வூட்ல எத்தினி புள்ளைங்க? எல்லாம் இஸ்கூலு போதா?" என்பார். இல்லை என்றால் அன்றைக்கு எல்லா ஸ்பீக்கரும் ரிப்பேர். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணுடைய தங்கையை ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தார்கள். பாட்டு இல்லாத கல்யாணம் எப்படியிருக்கும்? தாலி கட்ட மூன்று நாள் இருக்கும்போது அந்தச் சின்னப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் ஸ்பீக்கரை வாங்கிப்போனார்கள். முகூர்த்தம் முடிந்ததும் பாய் முதலில் போட்டது மணமக்களுக்கு வாழ்த்து இல்லை: "சின்னப் பொண்ணு நாளைக்கு லீவு போடாம வந்துரணும்."

இப்படியெல்லாம் பண்ணினவருக்கு அ, ஆ தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயம் அது. ஒருமுறை காதில் போட்டால் போதும், ஐம்பது பெயரானாலும் வரிசை பிசகாமல் சொல்லுவார். ஆனால் கையில் ஒரு காகிதம் இருந்தே ஆகவேண்டும். "பேப்பரு இல்லாம பேசுனா ஜனம் மதிக்காது தங்கச்சி" என்பார் என்னிடம். ஒரு கல்யாணத்தில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டு சம்பந்திகளை வரவேற்றார். நடுவில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வேறு போட்டுக்கொண்டார்.

தேவி எட்டாவது முழுப் பரீட்சை எழுதி முடித்த வாரம் பெரியவளானாள். தாய்மாமன் என் தம்பி. கொட்டிவாக்கத்தில் மீனுக்கு ஐஸ் போடும் வியாபாரம், அந்தப் பக்கத்தில் பெரிய ஆள். விசேஷத்துக்கு நாள் குறிக்க வந்தவன், சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"யக்கா, எட்டாவது முட்ச்சிட்டா, போதும். ஒம்பதாவதுக்கு அடையாறு போணுமாமே, பஸ்ஸு ஏறி? வயசுப் பொண்ண பஸ்ஸுல வுட்டுட்டு நாம வயித்துல நெருப்பக் கட்டிகினு கெடக்கணுமா? வூட்ல கெடக்கட்டும். ரெண்டு வருசத்துல நானே மாப்ள பாக்குறேன்."

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். மச்சான் சொன்னால் தலையாட்டுவார். நான் தலையாட்டவில்லை, ஆனால் என் தலையை யாரும் பார்க்கவில்லை. தேவி உள்ளே, பெரியவளானதற்குக் கட்டிய ஓலைக் குடிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுதது எனக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, தம்பியைப் பார்க்கப் பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்தவர் முகம் சரியில்லை.

"இன்னா சொன்னான் பாய்?"

"பாட்டு போட்றதோட நிறுத்திக்கச் சொல்ட்டான், தங்கச்சி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குப் பயமாகவே போய்விட்டது.

விசேஷத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். தம்பி பட்டு வேட்டியில் ஜொலித்தான். இருபத்தோரு தட்டு, மேளத்தோடு ஊர்வலம். எங்கள் பக்கத்து வழக்கம் என்னவென்றால், தாய்மாமன் சீரை ஒவ்வொன்றாக மைக்கில் படிக்க வேண்டும். படித்தது ஊர் அறிந்த சீர்; அதிலிருந்து பிறகு யாரும் பின்வாங்க முடியாது. தம்பியின் ஐஸ் டிப்போவில் கணக்குப்பிள்ளை எழுதிக்கொடுத்த லிஸ்டைத் தம்பி பாயிடம் கொடுத்து, காதிலும் ஒருமுறை ஓதினான். பாய் கண்ணாடியைத் துடைத்தார்.

"கொட்டிவாக்கத்துத் தாய்மாமன் கொண்டாந்த சீரு! பட்டுப்பொடவ ஒண்ணு! எவர்சில்வரு கொடம் ரெண்டு! வாழத்தாரு நாலு! கல்கண்டு அரக்கிலோ!" கொஞ்சம் நிறுத்தினார். பந்தலே நிமிர்ந்து பார்த்தது. "கடசியா, இந்த மெட்ராஸுல எந்தத் தாய்மாமனும் செய்யாத சீரு! பொண்ணுக்குப் பத்தாவது வரைக்கும் படிப்பு! பஸ் பாஸோட!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. கிழவிகள் குலவை போட்டார்கள். "மாமன்னா இவன் மாமன்டி!" என்றாள் மீன்காரி. என் தம்பி மாலையும் கழுத்துமாக வாயைப் பிளந்து நின்றான். பிறகு பாயிடம் பாய்ந்தான்.

"யோவ் பாய்! இத நான் எங்க எழுதுனேன்?"

மைக் அணைக்கப்படவில்லை. பாயின் பதில் தெருவுக்கே கேட்டது.

"நைனா, எனுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே! இல்லாதத நான் எப்டி நைனா படிப்பேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? தம்பி யோசித்துப் பார்த்தான். நானும் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி காகிதத்தைப் பிடுங்கினான். அப்படிப் பார்த்தான், இப்படிப் பார்த்தான். அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பியபோதெல்லாம் கடற்கரைக்குப் போனவன். "யார்னா படிங்கப்பா!" என்றான். கணக்குப்பிள்ளை டிப்போவில் இருந்தான். பந்தலில் இருந்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் தோரணத்தை எண்ண ஆரம்பித்தார்கள்.

"குடு மாமா, நான் படிக்கிறேன்."

நாற்காலியில், புதுப் பட்டில், தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்த தேவிதான். மைக்கைக் கையில் வாங்கி, நிதானமாக, தெளிவாகப் படித்தாள். புடவை, குடம், வாழைத்தார், கல்கண்டு. பிறகு கண்ணைக்கூட இமைக்காமல்: "பத்தாம் வகுப்பு வரை படிப்பு. பஸ் பாஸ்." ஒரு மூச்சு விட்டாள். "ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று."

பாயே ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

தம்பி சுற்றிலும் பார்த்தான். நானூறு கண் அவன்மேல். நீ இல்லை என்று சொல்லிவிடாதே என்று நான் அவன் முகத்தையே பார்த்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆமா, ஆமா. அந்தப் பாக்ஸ நான்தான் தனியா சொல்லி எழுத வச்சேன். கணக்குப்புள்ள மறந்துட்டானோன்னு பாத்தேன்" என்றான்.

கூட்டம் கலைந்ததும் அந்தக் காகிதத்தை எடுத்து, அடுப்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். எனக்கு அரைமணி நேரம் ஆனது. 'கல்கண்டு அரைக்கிலோ'வுக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. காகிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று தம்பி தானே வந்தான், ஜாமெட்ரி பாக்ஸோடு. அடையாறு வரைக்கும் அவளோடு பஸ்ஸில் போய், கண்டக்டரிடம் "என் அக்கா பொண்ணு, நான்தான் படிக்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தானாம். கொட்டிவாக்கம் முழுக்க அதே பேச்சு. அப்புறம் எங்கள் தெருவில் எந்தத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தாலும் கல்கண்டுக்கு அடுத்தபடி படிப்பு இருந்தது. இல்லையென்றால் பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

தேவி பத்தாவது பாஸ் பண்ணினாள். மேலேயும் படித்தாள், இன்றைக்குக் கிண்டியில் ஒரு ஆபீஸில் வேலை. அவள் பாஸ் பண்ணின அந்த மாதம் ரேஷன் கார்டு புதுசு பண்ண ஆள் வந்தார். "வூட்ல எத்தினி பேரும்மா?" என்றார். யோசிக்காமல் "நாலு" என்று சொல்லிவிட்டேன். என் பெயர் சொன்னேன், வீட்டுக்காரர் பெயர் சொன்னேன், தேவி பெயர் சொன்னேன்.

"நாலாவது யாரும்மா, பேரு இன்னா?" என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்போதுதான் உறைத்தது, பாயின் பெயரை நான் ஒருநாளும் கேட்டதே இல்லை.