எக்ஸ்ரே அண்ணாச்சி தேடின இளவட்டம்

எனக்குக் கோவையா எழுத வராது, அஞ்சாம் கிளாஸோட சரி. மறதியும் உண்டு. பொறுத்துக்கிடுங்க. ஆனா ஒண்ணை அடிச்சுச் சொல்லுவேன்: சங்கரன்கோவிலில் எக்ஸ்ரே அண்ணாச்சி மாதிரி இன்னொரு மனுசனை ஆண்டவர் படைக்கவே இல்லை. படைச்சா ஊர் தாங்காது.

பஜார்ல ஒரு எக்ஸ்ரே சென்டர்ல நான் கூட்டிப் பெருக்கினேன். அண்ணாச்சி அங்கே படம் எடுக்கிறவர். என்னைவிடச் சின்னவர்தான், ஊரே அண்ணாச்சின்னதால நானும் அப்படியே. கை ஒடிஞ்சவன், நெஞ்சுச் சளிக்காரன் எல்லாம் பெஞ்சில் கிடக்க, இவர் கம்ப்யூட்டரில் வானத்தைப் பார்த்துக்கிட்டிருப்பார். மேலே சுத்துற மிஷின் ஒண்ணு வானம் பூராவையும் எக்ஸ்ரேயில் படம் எடுத்து வச்சிருக்காம். வயசான நட்சத்திரம் அதில் மங்கலாத்தான் தெரியுமாம். இளசு வேகமாச் சுழலும், எக்ஸ்ரேயைக் கொட்டுமாம். சூரியனுக்குப் பக்கத்தில் யார் கண்ணிலும் படாத இளசு ஒண்ணை, ரிட்டையர் ஆகிறதுக்குள்ளே கண்டுபிடிக்கணும். அதிலேதான் அவர் உயிர் கிடந்தது.

பக்கம்னா நமக்குப் புளியங்குடி மாதிரியான்னு கேட்டேன். வெளிச்சம் வந்து சேரவே வருசக்கணக்கு ஆகும்னார். அதுக்குமேல நான் கேக்கலை. வானத்தைப் பத்தி யாராவது தப்பாச் சொல்லிட்டா மட்டும் அவருக்குப் பொறுக்காது, சோத்தை விட்டுட்டு எழுந்து வந்து திருத்துவார்.

ஒருநாள் தறிக்காரர் ஒருத்தரை மூச்சை அடக்கச் சொல்லி நிறுத்திட்டு, இவர் வானத்துப் பக்கம் திரும்பிட்டார். அந்த ஆள் முகம் வீங்கி, மூச்சை விட்டுட்டு நிதானமாக் கேட்டார்: "ஏன்வே, நட்சத்திரத்துக்கு எந்த எலும்பு ஒடிஞ்சிருக்கு? அதுக்கு முதல்ல எடுத்துட்டு வாரும், நான் உக்காந்திருக்கேன்."

கடைசியில் ஒண்ணு அகப்பட்டது. "யக்கா, என்னமாக் கொட்டுது! பால் மணம் மாறாத பயலாக்கும்"னு பஜாருக்கே டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் படத்தை வெளியூர் ஆராய்ச்சிக்காரர் ஒருத்தருக்கும் அனுப்பினார்.

ரிட்டையர் ஆன வாரம் பதில் போன் வந்தது. பேசிட்டு அப்படியே உக்காந்துட்டார்.

"ரெண்டு கிழடு யக்கா. ஒட்டிக்கிட்டு ஒண்ணையொண்ணு சுத்துன சுத்துல இளசு மாதிரி தெரிஞ்சிருக்கு."

கிழட்டு ஜோடிக்கா டீன்னு பஜாரே சிரிச்சது. அவர் சிரிக்கலை. இப்போ வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எட்டிப் பார்ப்பேன். கம்ப்யூட்டர்மேல துண்டு கிடக்கு.

நான் எழுதினதில் நட்சத்திர விஷயம் தப்பா இருக்கலாம். தெரிஞ்சவங்க பார்த்து, தப்பிருந்தா காட்டமாவே எழுதுங்க. அதை அவருக்கு வாசிச்சுக் காட்டப் போறேன். தப்பைக் கேட்டாவது எழுந்து வந்து என்னைத் திட்டமாட்டாரான்னுதான்.