டேனி யார் ஜாடை

செம்மண்டலம், கடலூர்.

மாதாவின் அடைக்கலத்தில் சுகமாயிருக்கும் சிதம்பரம் சம்பந்தி சார்லஸ் அவர்களுக்கு, இருதயசாமி கும்பிட்டு எழுதுவது. நானும் ஜோதி மேரியும் சுகம். உங்கள் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மா ஆரோக்கிய ராணியின் முட்டிவலியையும் விசாரித்ததாகச் சொல்லவும். விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் பெலிசியா, பேரன் டேனியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. காரணம் உங்களுக்கே தெரியும். டேனிக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு சம்பந்தியம்மா வாசலில் நின்று, "எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணும் கெடையாது, எல்லாம் அவுங்க பக்கத்துலேர்ந்து வந்தது" என்றார்கள். பெலிசியா அப்போதே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லைத் தகராறு எனக்குப் புதிதல்ல. அதனால் கோபப்படாமல் ஆதியிலிருந்து வருகிறேன். டேனி குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது சம்பந்தியம்மா என்ன சொன்னார்கள்? "காது எங்க அப்பாரு காது, நெத்தி எங்க அண்ணன் நெத்தி, தலச்சுழி கூட எங்க வீட்டுது." ஜோதி மேரி பாவம், மூக்கையாவது எங்களுக்கு விடுங்கள் என்று கேட்டாள். "மூக்கும் எங்களுதுதான், சளி புடிச்சா மட்டும் ஒங்களுது" என்று பதில் வந்தது. ஞானஸ்நான விருந்தில் பிள்ளை வீறிட்டு அழுததற்குக்கூட, கொள்ளுத்தாத்தா கோபம் என்று பெருமைப்பட்டீர்கள். ஆக, பிள்ளை முழுவதையும் சிதம்பரம் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டீர்கள். தோப்பை வாங்கியவர் அதற்குள் இருக்கிற கிணறு மட்டும் அடுத்தவனுடையது என்றால் எந்தத் தாசில்தார் ஒத்துக்கொள்வார்?

உங்கள் புதுமனை புகுவிழாவில் வந்தவர்கள் செருப்பையெல்லாம் டேனி நிறவாரியாகச் சுவரோரம் அடுக்கினானே, இடது ஒரு கோடி வலது ஒரு கோடி என்று. பங்குத்தந்தை ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் பழுப்புமாகப் போனார். அன்றைக்கே சம்பந்தியம்மா முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. சரி, உங்கள் பக்கமும் இப்படி உண்டு என்பதற்கு ஆதாரம் திரட்டுவோம் என்று, சம்பந்தியம்மா பிறந்த மங்கலம்பேட்டைக்கே போய் அவர்கள் சித்தப்பாவைப் பார்த்தேன். மனிதர் கல்யாணம் ஆன நாளாக ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறாராம், வெளியூர் போனாலும் தட்டும் கூடப் போகுமாம். கிடைத்தது எல்லைக்கல் என்று துள்ளிக்கொண்டு வந்து ஜோதி மேரியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "ஒங்க அண்ணன் பஸ்சுல சன்னலோர சீட்டு கெடைக்கலன்னா எறங்கி அடுத்த பஸ்சுக்கு நிப்பாரு. நீங்க தலகாணிய வடக்கு பாத்து வெச்சா ராத்திரி பூரா பொலம்புவீங்க. யாருகிட்ட போயி சொல்றீங்க" என்றாள். கல் அங்கேயே புதைந்துவிட்டது.

கடைசியாக டாக்டர் வெண்மதியிடமே கேட்டேன், எங்கள் பக்கம் எவ்வளவு, அவர்கள் பக்கம் எவ்வளவு என்று. அந்தப் பெண் பொறுமைசாலி. "இதுக்குன்னு ஒரே ஒரு மரபணு கெடையாது சார். பல மரபணு சேந்து ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரலாம், யார்கிட்டயும் இல்லாம புள்ளைகிட்ட புதுசாவும் வரலாம். கொறமாசத்துல பொறந்ததும் வாய்ப்பக் கொஞ்சம் கூட்டும். ஆனா இவனுக்கு இதனாலதான்னு யாராலயும் அளந்து சொல்ல முடியாது. அம்மா போன் பாத்ததாலயோ பப்பாளி தின்னதாலயோ வர்றதில்ல, அத மட்டும் வீட்டுல சொல்லிடுங்க" என்றது. அதாவது கூட்டுப் பட்டா, உட்பிரிவு செய்ய முடியாது. என் சர்வீசிலேயே அளக்க முடியாத நிலத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதனால் என் முடிவு இது. சம்பந்தியம்மா செம்மண்டலம் வந்து, அன்றைக்கு வாசலில் சொன்னதை என் வாசலில் நின்று திரும்பப் பெற வேண்டும். என் மகள் வாயைத் திறந்து அழக்கூட இல்லை சம்பந்தி, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதுவரைக்கும் பெலிசியாவையும் டேனியையும் அனுப்புவதாக இல்லை. இதில் மாற்றமில்லை.

உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் அருள்வாராக.

இப்படிக்கு,
இருதயசாமி

பின்குறிப்பு: நான் தபால்தலை வாங்கப் போயிருந்த நேரத்தில் உங்கள் மகன் ஜெகன் வந்துவிட்டார். திரும்பி வந்தால் பெலிசியா செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். "அப்பா, அத்த சொன்னத நான் மறக்கல. ஆனா டேனிக்குப் பயிற்சி ஆரம்பிக்குது, வீட்டுல எல்லாரும் கத்துக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. என் ஒருத்தியால முடியாது. அத்தையும் கத்துக்கட்டும்" என்றாள். ஜெகன், "நீங்க லெட்டர நிதானமா முடிங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். இது கைக்கு வரும்போது அவர்கள் அங்கே இருப்பார்கள். தபால்தலை ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லை. மன்னிப்பு இப்போதைக்கு வேண்டாம். ரசம் சோற்றில் பட்டால் டேனி சாப்பிட மாட்டான், தனிக் கிண்ணத்தில் வையுங்கள். மிக்சி போடுமுன் அவனைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் அடுக்குவதையே நீங்களும் அடுக்குங்கள். சம்பந்தியம்மாவுக்கு முட்டி மடக்க முடியாவிட்டால் ஒரு மணை போட்டு உட்காரச் சொல்லுங்கள். பேச்சுக் கொடுக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும், அவனே வருவான்.