டெரிஷன்

தெரிந்த பாஷையில் சொல்லத் துணியாததைத் தெரியாத பாஷையில் சொல்லக் கிளம்புகிறவனை யாராலும் காப்பாற்ற முடியாது. என்னையும் யாரும் காப்பாற்றவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப்போய், புதுச்சேரி ஆபீஸ்களில் இங்கிலீஷ் வந்து உட்கார்ந்த சமயம். நான் ரெட்டியார்பாளையத்திலிருந்து சைக்கிளில் வரும் குமாஸ்தா. எதிர் மேஜையில் டைப்பிஸ்ட் தெரேஸ், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். என் இங்கிலீஷை அவள் கேலி செய்வாள். வெயிலோ மழையோ அவள் கையைவிட்டு இறங்காத குடையை நான் கேலி செய்வேன். (அதற்காகவே காய்ச்சலோடு ஆபீஸ் போயிருக்கிறேன்.)

ஒருநாள், அண்ணனோடு இருக்க அவள் பிரான்சுக்குக் கப்பலேறுவதென்று முடிவாகிவிட்டது. பிரிவு உபசாரத்தில் நான்தான் பேசுவேன் என்று முந்திக்கொண்டேன். 'இனி நான் யாரைக் கேலி செய்வேன்?' என்பதுதான் பேச்சின் உயிர். அகராதியில் கேலிக்கு நாலைந்து சொற்கள் இருந்தன. பார்க்கக் கம்பீரமாக இருந்தது 'டெரிஷன்'.

மேனேஜர் முன்னால் எழுந்து நின்று இங்கிலீஷில் முழங்கினேன்: “மிஸ் தெரேஸை நான் எப்போதும் டெரிஷனோடுதான் பார்த்தேன். என் டெரிஷனுக்கு இவரைவிடத் தகுதியானவர் இல்லை. எங்கே போனாலும் அது இவரைத் தொடரும்.” (இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் கொடுமை.)

யாரும் கைதட்டவில்லை. மேனேஜர் கடித்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார். தெரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம் வராந்தாவில் என்னிடம் வந்து கேட்டாள்: “நான் உங்களுக்கு அவ்ளோ இளக்காரமா போயிட்டேனா?”

“கேலின்னுதாங்க சொன்னேன்.”

“அது கேலி இல்ல. பிரெஞ்சுலயும் அந்த வார்த்தை இருக்கு. ஒருத்தரை ஒண்ணுத்துக்கும் ஆகாதவங்களா நெனச்சு சிரிக்கிறது.”

“நான் அப்படி நெனக்கலீங்க.”

“பின்ன எப்படி நெனச்சீங்க?”

பச்சைத் தமிழில் கேட்ட கேள்வி. பதிலும் தமிழில்தான் இருந்தது, தொண்டை வரைக்கும். வாசலில் ரிக்‌ஷாக்காரர் மணியடித்தார். “பத்திரமா போயிட்டு வாங்க” என்றேன்.

குடையை விரித்தாள். பிறகு சிரித்து, “வரேங்க” என்று சொல்லிப் போனாள். வரவில்லை.

கல்யாணமான புதிதில் இதை நானே மனைவியிடம் உளறிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. பேரன் ஏதாவது ஒரு பெண்ணின் பேரை அடிக்கடி சொன்னால், “பையன் டெரிஷன்ல விழுந்துட்டான்” என்பார்கள். குழம்பு ஊற்றிக்கொண்டே மனைவி கேட்பாள்: “இத்தினி வருஷத்துல என்னை ஒருநாளாவது டெரிஷனோட பார்த்திருக்கீங்களா?”

எல்லோரும் சிரிப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்வேன்.