கரியாலூர் வரை அலறிய லாரி

டிப்ளமோ படித்தவள் ஒரு பழைய லாரியிடம் தோற்றுப்போனாள் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் தோற்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்குவதற்காக என் கணவர் கதிர் ஏலத்தில் ஒரு மிலிட்டரி லாரியை எடுத்தார். (லாரி என்பது மரியாதைக்கு. ஓடும்போது அது ஒரு ரைஸ் மில்.) நாத்தனார் நித்யாவுக்கு மலைமேல் கரியாலூரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுச் சம்பந்தத்தை உறுதிசெய்ய, கை நனைக்கப் போகும் அன்று, வேன் எதற்கு, நம்ம வண்டி இருக்கிறதே என்றார் மாமனார். காலையில் அவரே வண்டியைக் கழுவி, டாஷ்போர்டைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டன. கதிர் விளக்கைப் போட்டார், எரியவில்லை. ஆரனை அழுத்தினார், மூச்சில்லை. வளைவில் எதிரே பஸ் வந்தால் அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார். நல்ல நேரம் போய்விடும் என்றார் மாமனார்.

"எலெக்ட்ரிக்கல் படிச்சிட்டு நான் சும்மா குந்திக்கினு இருக்கணுமா?" என்று பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பல்பும் நன்றாக இருந்தது. எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது, சுரண்டி இறுக்கினேன். அப்போதும் இருட்டுதான். ஒயர்கள் எல்லாமே ஒரே கறுப்பு. (ராணுவ ரகசியமாக இருக்கும்.) கடைசியில் பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. கூடவே ஆரனும் அலறியது. அலறிக்கொண்டே இருந்தது. அது ஒரு இரும்புத் தகட்டுக்குப் பின்னால் இருந்ததால் கை நுழையவில்லை. பேட்டரியைக் கழற்றினால் சத்தம் நிற்கும், வெளிச்சமும் போய்விடும்.

"வெளிச்சம் வேணுமா, அமைதி வேணுமா?" என்று கேட்டேன். கதிர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. ஏறுங்கள் என்று கை காட்டினேன்.

அப்படியேதான் மலை ஏறினோம். எதிரே வந்த பஸ் ஓரங்கட்டி வழிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டதில் சீர்த்தட்டுகளைப் பிடிக்க ஆளில்லை. ஆப்பிள்கள் லாரி முழுக்க உருண்டன.

கரியாலூரில் தெருவே வெளியே வந்து நின்றது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். மாமனார் தலை நிமிரவில்லை. சம்பந்தம் போச்சு என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"இன்னாங்க, எதுனா ஆபத்தா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கையெல்லாம் கிரீசோடு நிமிர்ந்து நின்றேன். "இல்லீங்க. நாங்க வர்றது தெரியட்டும்னுதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வெள்ளிமலை வரைக்கும் தெரிஞ்சிருக்கும். உள்ள வாங்க."

கை நனைத்தோம். சம்பந்தம் முடிவானது.

சாப்பாட்டுக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் போய் நான் இழுத்த ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மாட்டினேன். அப்போதுதான் டாஷ்போர்டின் மூலையில் ஒரு சின்னத் திருகு குமிழ் கண்ணில் பட்டது. திருப்பினேன். விளக்கு, ஆரன், எல்லாமே ஒழுங்காக வேலை செய்தன. சண்டைக் காலத்தில் எதிரிக்குத் தெரியாமலிருக்க, வெளிச்சத்தையும் சத்தத்தையும் மொத்தமாக அடக்கிவைக்கும் சுவிட்ச் அது. மாமனார் துடைத்த துடைப்பில் திரும்பியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால், பின்னால் கதிர் நின்றுகொண்டிருந்தார்.

ஆனாலும் கேட்கிறேன், மரவள்ளிக் கிழங்கின் மேல் எந்த எதிரி குண்டு போடப்போகிறான்? கிழங்கு லாரியில் அந்தச் சுவிட்ச் இருந்தது என் தப்பா? நாளைக்கே மறுபடி விளக்கு எரியாவிட்டாலும் இதையேதான் செய்வேன்.

இப்போதும் வீட்டில் கரண்ட் போனால், "சண்டை நடக்குதுபோல, யாரும் வெளிச்சம் போடாதீங்க" என்பார் கதிர். பிறந்த வீட்டுக்கு வந்திருந்தால் நித்யாவும் சேர்ந்து சிரிப்பாள். நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மீட்டர் பெட்டியை நோக்கி நடப்பேன்.

உடனே எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.