ஷெரிப் அண்ணையின் ரிவோல்வர்

இங்கிலாந்தில் ரிவோல்வரைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று கேட்டால், ஈஸ்ட் ஹாமில் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பொலிஸ்காரர்களும் இராணுவத்தினரும் என்னை மன்னிக்க வேண்டும். அவர்கள் அதைத் தொட்டிருப்பார்கள், சுட்டிருப்பார்கள். எங்கள் ஷெரிப் அண்ணை அப்போது அதைக் கண்ணால்கூட நேரில் கண்டதில்லை. ஆனால் அதை யாருக்கும் தெரியாமல் இடுப்பில் எப்படிச் செருகுவது என்று பதினொரு வருடம் யோசித்தார்.

ஷெரிப் என்பது, கௌபோய்ப் படத்துத் துப்பாக்கிப் பொலிஸ்காரரை நினைத்துத் தெரு வைத்த பெயர். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். கழுத்தில் அந்தோனியார் பதக்கம். பக்கத்துக் கடை வங்காளிப் பெரியவர் மட்டும் அதை 'ஷரிப்' என்ற முஸ்லிம் பெயராகக் கேட்டுவிட்டு, பெருநாளுக்குப் பெருநாள் பெரிய டப்பாவில் பிரியாணி கொடுத்தனுப்புவார். அண்ணை ஒருநாளும் திருத்தவில்லை. பிரியாணி அவ்வளவு நல்லது.

ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, மேசை போட இடமில்லாமல் நான் அலைந்த நாட்களில், தன் கடையின் பின்பாதியை எனக்கு விட்டுத்தந்தவர் அவர்தான். முன்னால் அவருடைய இரண்டு தையல் மெஷின்கள், ஆவி அயர்ன். நடுவில் ஒரு பூப்போட்ட திரை. பின்னால் என் மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர். பாஸ்போர்ட், நகரக் கவுன்சில், அரசு பெனிபிட் பணம் என்று ஊராருடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் தொழில். அப்படித்தான் அவருடைய கதையும் படிவமாக என்னிடம் வந்தது.

டெக்சாஸில் பெட்ரோல் நிலையம் வைத்திருந்த தமையன், இவரை அங்கே கூப்பிட விண்ணப்பித்திருந்தார். சகோதரர்களுக்கான வரிசை பத்து வருடத்துக்கும் மேல் நீளும். காத்திருக்கச் சொன்ன தமையன் போனில் ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார். இங்கே எல்லோரும் இடுப்பில் ஒன்று வைத்திருக்கிறார்கள், நீயும் ஒன்றைத் தெரிவுசெய்து வை என்று. வேறு ஒருவராக இருந்தால் விமானத்தால் இறங்கிய பிறகு யோசித்திருப்பார். ஷெரிப் அண்ணை அன்றைக்கே குறிப்பெழுத ஒரு கொப்பி வாங்கினார்.

இங்கிலாந்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அதைப்போல ஒரு பொம்மையைத் தெருவில் கொண்டு திரிந்தாலும் வில்லங்கம். அண்ணையோ சிக்னலில் பச்சை மனிதன் தெரியும்வரை வெறும் றோட்டைக்கூடக் கடக்காதவர். ஆகவே துப்பாக்கியே இல்லாமல் துப்பாக்கி தெரிவுசெய்தார்.

முதல் கேள்வி, பிஸ்டலா ரிவோல்வரா என்பது. ஆறு மாதம் படித்துவிட்டு ஒரு காலை எனக்குத் தீர்ப்புச் சொன்னார்.

"பிஸ்டல் எண்டது ஓவர்லொக் மெஷின் மாதிரித் தங்கச்சி. கடகடவெண்டு ஓடும், ஒருநாள் அவசரத்துக்கு நூல் சிக்கும். ரிவோல்வர் கால் மெஷின். மிதிச்சா ஓடும்."

அடுத்தது எத்தனை குண்டு என்பது. ஆறு குண்டு போடும் உருளை தடிப்பு, சட்டைக்கு மேலால் புடைத்துக்கொண்டு தெரியும், ஐந்து குண்டு போதும் என்று முடிவெடுத்தார். ஆறு கள்ளர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தார். ஆறு பேர் வந்தால் கடையை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றார்.

பாரம் பழக வேண்டுமே. சிறிய ரிவோல்வர் ஒன்று குண்டுகளோடு ஏறக்குறைய அரைக் கிலோ வரும் என்று கண்டுபிடித்து, அரைக் கிலோ மைசூர்ப் பருப்பை ஒரு துணிப்பையில் போட்டுத் தைத்து, இடுப்பு வாரின் உட்புறம் செருகிக்கொண்டார். கடைக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு எங்கேயும் பருப்போடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழந்தாளிட்டபோது தையல் விட்டுவிட்டது. நற்கருணை வாங்க நடந்தவரின் கால்சட்டைக்குள்ளால் பருப்பு கொட்டத் தொடங்கியது. பீடம்வரைக்கும் செம்மஞ்சளாக ஒரு கோடு. பாதிரியார் அப்பத்தைக் கையில் பிடித்தபடி என்ன இது என்று மெதுவாகக் கேட்க, இவர் பக்தியோடு, "பருப்பு, பாதர்" என்றாராம். அவமானம் பருப்பு கொட்டியதில் இல்லை, தான் தைத்த தையல் விட்டதில்தான் என்று என்னிடம் வந்து வருந்தினார்.

பிறகு சுத்தியல். ரிவோல்வரின் பின்பக்கம் கொக்கிபோல நிற்குமே, அது. உடையில் மாட்டுமா என்று பார்க்க, பருப்புப் பையில் ஒரு கர்ட்டன் கொக்கியைத் தைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அது பக்கத்தில் நின்ற பெண்மணியின் கம்பளிச் சால்வையில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கச் சால்வை பிரிந்ததே தவிரக் கொக்கி விடவில்லை. இருவரும் ஒரே தரிப்பிடத்தில் இறங்கி, எங்கள் கடைவரை ஒட்டியபடியே நடந்து வந்தார்கள். நான்தான் கத்தரிக்கோலால் பிரித்துவிட்டேன். அவர் அந்தச் சால்வையை ஒரு கிழமை இருந்து பின்னிக் கொடுத்துவிட்டு, கொப்பியில் 'சுத்தியல் வெளியே தெரியாத மாடல்' என்று எழுதினார்.

கைபிடி தன் கைக்கு அளவாக இருக்கவேண்டும் என்று ரொட்டி மாவை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, விரல் பதிந்த உருண்டையை ஓவனில் வைத்துச் சுட்டெடுத்தார். பார்ப்பதற்குக் காய்ந்த கடலட்டைபோல இருந்தது. விசை இழுக்கும் விரலுக்குப் பலம் வேண்டும் என்று ஆவி அயர்னின் விசையை நாளுக்கு நூறு தரம் இழுத்தார். அந்தக் காலத்தில் ஈஸ்ட் ஹாமிலேயே மடிப்புக் கலையாத கால்சட்டைகள் எங்கள் கடையில் தைத்தவைதான்.

குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முன்குறிக்கு என்ன நிறம் பூசுவது என்பதுதான் வாடிக்கையாளரைப் பாதித்தது. பிளவுஸ் தைக்க வரும் பெண்களைக் கதவடியில் நிறுத்தி, கண்ணை மூடித் திறக்கச்சொல்லி, நூல் கட்டைகளில் எது முதலில் கண்ணில் படுகிறது என்று கேட்பார். முக்கால்வாசிப்பேர் ஒரேஞ் என்றார்கள். அதை அவர் கொப்பியில் எழுதினார். அப்படிச் சொன்ன ஓர் அம்மா, தன் நீலப் பட்டுக்கு ஒரேஞ் கரை வைத்துத் தந்துவிடுவாரோ என்று பயந்து இரண்டு நாள் போனில் அழைத்தபடியே இருந்தார்.

இதையெல்லாம் நான் வீடுகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஒரு குளிர்கால வியாழக்கிழமைப் பின்னேரத்துக்குப் பிறகு அப்படிச் சிரிப்பதில்லை.

ரெய்னர்ஸ் லேனில் இருந்து ஒருவர் என்னிடம் வந்துபோய்க்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தன் விசா வழக்குக்காக, தன்னை எனக்குப் பல வருடமாகத் தெரியும் என்று உள்துறை அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடச்சொன்னார். அவரை எனக்கு மூன்று கிழமையாகத்தான் தெரியும். மாட்டேன் என்றேன். மூன்று தரம் வந்தார். மூன்றாம் தரம் மேசையில் ஓங்கி அடித்து, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை நான் திரைக்குப் பின்னால் கவுன்சிலுடன் போனில் இருந்தேன். காதில் அவர்களுடைய காத்திருப்புச் சங்கீதம். கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரையின் இடுக்கால் பார்த்தேன். அதே ஆள். எனக்குத் தெரிந்தது கோபத்தில் கறுத்த முகம் மட்டும்தான். ஷெரிப் அண்ணைக்கு வேறொன்று தெரிந்தது. அந்த ஆளின் ஜாக்கெட் வலது பக்கம் இரண்டு விரல் அளவு தாழ்ந்து தொங்கியது. முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. கை அடிக்கடி பொக்கற்றைத் தடவிப் பார்த்தது. பருப்பை வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் தானும் அப்படித்தான் தடவியதாகப் பிறகு சொன்னார். ஒளித்து வைப்பதைப் பத்து வருடம் படித்தவருக்கு ஒளித்து வைத்திருப்பவனைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அவர் கத்தவில்லை. ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"தம்பி, லைனிங் கிழிஞ்சு வெளியில தொங்குது. அவ போனில நிக்கிறா. அதுக்கிடையில தைச்சுத் தாறன்."

வேண்டாம் என்றார் அந்த ஆள். கொலைவெறியோடு வந்தவருக்கும் லைனிங் தொங்குகிறது என்றால் ஒரு கூச்சம் வரத்தான் செய்கிறது. குனிந்து பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அண்ணை பின்னால் போய்க் கொலரைப் பிடித்துவிட்டார். தையல்காரர் கொலரைப் பிடித்தால் மனிதனின் கைகள் தாமாகவே பின்னால் போய்விடும். ஜாக்கெட் கழன்று வந்துவிட்டது.

மெஷின் மூன்று தரம் உறுமியது. அவ்வளவுதான். ஜாக்கெட்டை உதறி, அந்த ஆளுக்குத் தானே மாட்டிவிட்டு, தோளில் இருந்த நூலையும் தட்டிவிட்டார்.

நான் போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். கடிதம் தருகிறாயா இல்லையா என்று கேட்டார் அந்த ஆள். இல்லை என்றேன். அவருடைய கை பொக்கற்றுக்குப் போனது. விரல்கள் துணியில் வழுக்கின. குனிந்து பார்த்தார். மற்றக் கையாலும் இழுத்தார். பொக்கற்றின் வாய் இறுகத் தைக்கப்பட்டிருந்தது.

"ஜீன்ஸ் நூல், தம்பி," என்றார் ஷெரிப் அண்ணை. "மூண்டு தையல். கிழியாது."

அப்போதுதான் அண்ணை எங்கே நிற்கிறார் என்பதைக் கவனித்தேன். எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றார். குரல் மட்டும்தான் நிதானமாக இருந்தது. ஒரு கை கழுத்துப் பதக்கத்தை இறுகப் பிடித்திருந்தது.

அந்த ஆள் இன்னும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். வழக்கு நிராகரிக்கப்பட்டுவிட்டது, மனைவியையும் பிள்ளையையும் பார்த்து ஐந்து வருடம், பயமுறுத்தத்தான் கொண்டுவந்தேன் என்று ஏதேதோ சொன்னார். அண்ணை தையலைப் பிரித்து, கடதாசியில் சுற்றிய காய்கறிக் கத்தியை எடுத்துத் தன் மெஷின் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். என் கையில் போன் இருந்தது.

"பொலிசுக்கு எடுக்கிறதெண்டா எடு தங்கச்சி. நான் சாட்சி சொல்லுறன். பயந்தது நீ, முடிவும் உன்ர."

நான் எடுக்கவில்லை. அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வட லண்டன் எட்மண்டனில் எனக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் அவரை அனுப்பினேன். உள்ளதை உள்ளபடி எழுதி மறுபடி விண்ணப்பித்தார்கள். நீண்ட காலம் எடுத்தது. ஆனால் மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஆள் போனபின் அண்ணை நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். கேட்கக்கூடாதுதான், ஆனாலும் கேட்டேன். உங்களிடம் அந்த ரிவோல்வர் இருந்திருந்தால்?

கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவன் செத்திருப்பான். இல்லாட்டி நீ. நான் அவ்வளவு நல்லாச் சுடுவனெண்டு நினைக்கேல்லை."

ஒரு கிழமை கொப்பியைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் காலையில் திரையை விலக்கித் தலையை நீட்டி, கைபிடிக்கு ரப்பரா மரமா நல்லது என்று கேட்டார். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. மரம் என்றேன். ரப்பர் சட்டையில் ஒட்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வருடம் விசாவுக்கு முறை வந்தது. நேர்முகத்தில் ரிவோல்வர் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று நான் சத்தியம் வாங்கி அனுப்பினேன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டபோது தைக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னாராம். விசா கிடைத்தது.

டெக்சாஸில் இறங்கிய முதல் கிழமையே இரண்டு இடிகள். ஒன்று வெயில். அவருடைய ஏற்பாடெல்லாம் லண்டன் குளிர் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தவை. அங்கே மெல்லிய டீ-ஷேர்ட்டுக்கு மேல் எதையும் போட முடியவில்லை. இரண்டாவது தமையன். அவர் பிறந்ததிலிருந்து ஒரு துப்பாக்கியையும் தொட்டவர் இல்லையாம். போனில் சும்மா ஒரு எடுப்புக்குச் சொன்னாராம். ஷெரிப் அண்ணை மூன்று நாள் தமையனோடு பேசவில்லை.

நாலாம் நாள் இருவருமாகத் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கொப்பியில் எழுதிய அதே மாடல், ஐந்து குண்டு, சுத்தியல் உள்ளே, மரக் கைபிடி, எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுத்தார். அளந்து தைத்ததுபோலக் கைக்குள் பொருந்தியதாம். வாங்கினீர்களா என்று போனில் கேட்டேன்.

"திருப்பிக் குடுத்திட்டன். நிறுத்துப் பார்த்தா அரைக் கிலோதான் தங்கச்சி. ஆனா பாரம்."

இப்போது தமையனின் பெட்ரோல் நிலையத்தில் ஒரு மூலையில் மெஷின் போட்டிருக்கிறார். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் டெக்சாஸ்காரர் எல்லோரும் அவரைத் தேடி வருகிறார்கள். கால்சட்டை இடுப்பைத் தளர்த்தி, உட்பொக்கற் வைத்து, கொஞ்சமும் புடைக்காமல் தைத்துக் கொடுக்கிறார். எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று அவர் யாரையும் கேட்பதில்லையாம். உள்ளே வரும்போதே தெரிந்துவிடுமாம்.

சென்ற மாதம் எனக்கு முழங்காலில் ஒரு சத்திரசிகிச்சை. அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். யோசிக்காமல் டெக்சாஸ் இலக்கத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, அவ்வளவு தூரத்தில் இருப்பவரால் என்ன செய்ய முடியும், பக்கத்தில் ஒருவரும் இல்லையா என்று கேட்டாள். இருக்கிறார்கள், ஆனாலும் இவர் பெயரே இருக்கட்டும் என்றேன். என்ன உறவு என்றாள். அண்ணன் என்றேன்.

மயக்க ஊசி போட்டபோது எனக்குக் கொஞ்சமும் பயமாக இருக்கவில்லை.