அஞ்சு மீனும் ஒரு கைப்பிடி மயில்துத்தமும்

அஸ்தினாபுரம்,
வியாழக்கிழமை காலை.

பொருள்: உன் அம்மாவின் மீன்தொட்டியில் நத்தைகள் பெருகியதும் அதன் விளைவும் – அறிக்கை அளித்தல் தொடர்பாக.

கர்த்தருக்குள் அன்பான மகள் ஜெரூஷாவுக்கு அப்பா தேவானந்தம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சர்க்கரையும் பிரஷரும் ஆண்டவர் தயவால் ஒருவரை ஒருவர் அனுசரித்து வாழ்கிறோம். நீயும் மாப்பிள்ளை பென்னியும் பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். பொருள் போட்டதைப் பார்த்துச் சிரிக்காதே. முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீசில் குப்பை கொட்டியவனுக்குப் பொருள் போடாமல் பேனா நகராது.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ ரயிலேறிய அன்று தாம்பரம் ஸ்டேஷனில் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "ஒரு வருஷம் பார்ப்போம்ப்பா. அம்மாவோட மீன் அஞ்சும் உயிரோட இருந்தா, நீங்க உங்களையும் பார்த்துப்பீங்கன்னு நம்பறேன். இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்" என்றாய். நானும் தலையாட்டினேன். அஞ்சு மீனுக்குத் தீனி போடத் தெரியாதவனா நான் என்ற திமிர். ஒன்பது மாசமாக ஞாயிறு தவறாமல் நீ போனில் மீன் எப்படி என்று கேட்டாய், நானும் அஞ்சும் சுகம் என்றேன். அது சத்தியமாக உண்மை. நத்தையைப் பற்றி நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்காத விவரத்தை நாமாகக் கொடுப்பது ஆபீஸ் வழக்கமில்லை. இந்த ஞாயிறும் நீ கேட்டால் வாய் பழக்க தோஷத்தில் அஞ்சும் சுகம் என்றே சொல்லிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமையோடு அஞ்சும் செத்துப்போய்விட்டன மகளே. கொன்றது நான்தான்.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. பிப்ரவரியில் கண்ணாடியில் மிளகு அளவு ஒரு நத்தையைப் பார்த்தேன். தானாக வந்த ஜீவன், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஈஸ்டருக்குள் கண்ணாடியே தெரியவில்லை. செடியில் நத்தை, கூழாங்கல்லில் நத்தை, ஃபில்டரின் வாயில் நத்தை, பாவம் அது ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடிற்று. வெள்ளரித் துண்டை நூலில் கட்டி இறக்கி, நத்தை மொய்த்ததும் தூக்கி எறியும்படி தெரிந்தவர்கள் சொன்னார்கள், செய்தேன். காலையில் ஒரு கிண்ணம் எடுத்தால் மறுநாள் இரண்டு கிண்ணம் இருந்தது. ஒருவேளை வெள்ளரிக்காய் போட்டு நானே வளர்க்கிறேனோ என்று சந்தேகம் வந்து நிறுத்தினேன். கடைசியில் குரோம்பேட்டையில் வண்ண மீன் கடை வைத்திருக்கிற சம்பத்திடம் போய் நின்றேன். அவன் ஒரே கேள்விதான் கேட்டான். "சார், ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தீனி போடுறீங்கோ?" காலையில் ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை என்றேன். "அதுக்கு இவ்ளோ நத்தை வராது சார். வேற யாரோ போட்டுகினு கீறாங்க. மீன் துன்னது போக மிச்சத்தைத் துன்னுதான் அது குட்டி போடுது. நத்தையை வுடுங்க, சோத்தை நிறுத்துங்க" என்றான்.

யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அம்மா இறந்த மாசத்திலிருந்து வெள்ளிக்கிழமை ஆறு மணி ஜெபக்கூட்டம் நம் வீட்டில்தான் நடக்கிறது. பதினாலு பேர் வருவார்கள். பாட்டு, வசனம், ஜெபம் எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆமென் சொன்னதும்தான் சங்கடம். என்னிடம் என்ன பேசுவது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அம்மாவோடு பாடகர் குழுவில் இருந்த பிளஸ்ஸி முதலில் எழுந்து போய், "கிருபாக்கா மீனு" என்று சொல்லி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போடுவாள். பின்னால் வரிசையாக எல்லாரும் போடுவார்கள், ஏதோ கல்லறையில் மண் போடுகிற மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் பேச்சு வரும், முறுக்கு தின்பார்கள், உன்னை விசாரிப்பார்கள், ஒரு மணி நேரம் வீட்டில் மனுஷச் சத்தம் இருக்கும்.

சம்பத் சொன்னதைக் கேட்டு, வண்டலூர் ஜூவில் இருக்கிற மாதிரி 'மீன்களுக்கு உணவு அளிக்க வேண்டாம்' என்று அட்டையில் எழுதித் தொட்டியில் ஒட்டினேன். டப்பாவையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த வெள்ளி ஆமென் முடிந்ததும் எல்லாரும் அட்டையைப் படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், செருப்பைத் தேடினார்கள். அடுத்த வெள்ளி ஐந்து பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி பாஸ்டரும் அவர் வீட்டம்மாவும் மட்டும், அவர்களும் இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார்கள். முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது. நத்தை குறைந்தது, பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குறைந்தது. வீடும் அதே அளவுக்கு வெறிச்சோடிப் போயிற்று. மூன்றாவது வாரம் அட்டையைக் கிழித்தேன். டப்பாவை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பிளஸ்ஸிக்கு நானே போன் பண்ணி, "மீனெல்லாம் பட்டினி கிடக்குதம்மா" என்று புளுகினேன். வந்தார்கள். நத்தையும் வந்தது.

இங்கேதான் என் பேராசை. ஜனமும் வேண்டும், நத்தையும் கூடாது. பக்கத்து வீட்டு சுப்பராயலு காம்பவுண்டு சுவரில் சாய்ந்துகொண்டு என் புலம்பலைக் கேட்டார். இப்போது நாலு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார், ஆனால் இந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல் வயல். "இதுக்கா இவ்ளோ பேஜார் படுறே சார்? எங்கப்பா வயல்ல நத்தை வந்தா மயில்துத்தம்தான் போடுவாரு. காலைல போட்டா சாயங்காலம் ஒண்ணு இருக்காது" என்று உள்ளே போய் அந்த நீல உப்பில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஏக்கருக்கு எவ்வளவு என்பது அவருக்கு அத்துப்படி. இரண்டடித் தொட்டிக்கு எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கள் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு கைப்பிடி போட்டேன். தண்ணீர் அழகாக நீலமாயிற்று. உன் அம்மா இருந்தால் ரசித்திருப்பாள் என்றுகூட நினைத்தேன், முட்டாள்.

சொன்னபடியே நத்தைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. சாயங்காலம் தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாக மாற்றினேன். அவசரத்தில் ஒன்று வழுக்கித் தரையில் விழுந்தது. செவ்வாய் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. அம்மா 'பெரியவன்' என்று கூப்பிடுவாளே, அந்த ஆரஞ்சு மீன், அதுதான் கடைசி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், இனிமேல் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, மோட்டாரையும் ஓடவிட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்காதே, அந்தச் சத்தம் இல்லாமல் ஹாலில் உட்கார முடியவில்லை.

ஆகவே நிபந்தனைப்படி நான் தோற்றேன். அம்மா விட்டுப்போன அஞ்சு வாயில்லா ஜீவனைக் காப்பாற்றத் தெரியாதவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான் என்று உன்னிடம் வாதாட எனக்கு முகமில்லை. அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளையைக் காரோடு அனுப்பு. துணிமணியும் மாத்திரையும் அம்மாவின் வேதாகமமும் கட்டி வைக்கிறேன். நாளைய ஜெபக்கூட்டத்தில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லி, விடை பெற்றுக்கொள்கிறேன். இதில் மாற்றமில்லை, இது இறுதி முடிவு.

உங்கள் இருவர் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரங்கள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
ச. தேவானந்தம்.

பின்குறிப்பு (வெள்ளி இரவு எட்டரை மணி):

கவரை இன்னும் ஒட்டவில்லை. இன்று பதிமூன்று பேர் வந்தார்கள். ஆமென் சொன்னதும் சொல்லிவிடுவோம் என்று எழுந்து தொண்டையைச் செருமினேன். அதற்குள் பிளஸ்ஸி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டாள். அடுத்தவரிடம் கொடுத்தாள். பதிமூன்று பேரும் போட்டார்கள். தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, உள்ளே கூழாங்கல்லும் செடியும் தவிர ஒன்றுமில்லை, மீன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பிளஸ்ஸி கண்ணாடியில் கை வைத்து, "அக்கா இருந்தப்ப இருந்த மாதிரியே வச்சிருக்கீங்கண்ணா, பார்த்தாலே மனசுக்கு ஆறுதலா இருக்கு" என்று அழுதாள். ஆமாம்மா என்றேன். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள், உன் அம்மா கிருபா சண்டே ஸ்கூலில் பாடம் எடுத்ததைப் பற்றி நான் கேள்விப்படாத இரண்டு கதை சொன்னார்கள்.

அவர்கள் போனபிறகு பார்க்கிறேன், எங்கே தப்பிப் பிழைத்ததோ, ஒரே ஒரு நத்தை ஃபில்டரிலிருந்து இறங்கி வந்து அந்தத் தீனியைத் தின்றுகொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. பதிமூன்று பேர் போட்டதைத் தின்ன யாராவது ஒருவர் வேண்டாமா?

இந்தக் கடிதத்தைக் கிழித்திருக்கலாம். உன் ஒருத்தியிடமாவது உண்மை இருக்கட்டும் என்று அனுப்புகிறேன். மாப்பிள்ளையைச் சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்கு வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.